மச்சியின் மொறிஸ் மைனரும் நாலாவது கியரும்



சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் அரிசியில் வண்டு பிடிக்காமல் காப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்த மாதம் ஒரு காரைப் பற்றி எழுதப் போகிறேன். "கார் ஆண்கள் பாடு, நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெற்றோல் காசு எந்தப் பணத்திலிருந்து போகிறது? வீட்டுச் செலவிலிருந்துதானே. காரின் பின் ஆசனத்தில் உட்காருவது யார்? நாமும் நம் பிள்ளைகளும்தானே. பிறகு எப்படி அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகும்?

காத்தான்குடியில் இருக்கும் என் மச்சியை, அதாவது என் மூத்த காக்காவின் மனைவியை, முன்பும் ஒருமுறை இந்தப் பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறேன். காக்கா மௌத்தான பிறகு அவர் செய்துவந்த புடவை வியாபாரத்தை மச்சிதான் நடத்துகிறா. மருதமுனையில் கைத்தறிச் சாரங்களும் சேலைகளும் வாங்கி, வாவியைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்கும் அதைச் சுற்றியுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கும் கொண்டுபோய் விற்பா. காக்கா விட்டுப்போன மொறிஸ் மைனர் கார்தான் அவவுக்குக் கடை. தானே ஓட்டுவா. ஆரம்பத்தில் நாலு வாய் நாலு விதமாகப் பேசியது. மூன்று பிள்ளைகளும் பசியில்லாமல் படித்ததைப் பார்த்த பிறகு அந்த வாய்களும் மூடிக்கொண்டன.

சென்ற ஆண்டு அந்த வீட்டில் ஒரு தகராறு. மூத்த மருமகன் பின்னறையைத் துப்புரவு செய்யும்போது ஒரு சாக்கு மூட்டையைக் கண்டெடுத்தான். பிரித்துப் பார்த்தால், ஒயில் கடதாசியில் சுற்றிய கனமான இரும்பு. காரின் பின் அச்சுக்கு நடுவே உருண்டையாகத் தெரியுமே, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் பல்லுச் சில்லுகள். டிபரன்சல் என்பார்கள்.

"உம்மா, இது 3.9. நம்மட காரில கிடக்கிறது 4.55. இதைப் போட்டா எஞ்சின் குறையச் சுத்தும், பெற்றோல் மிச்சம், சத்தமும் இல்ல. சும்மாதானே கிடக்கு!"

"வாப்பா அதைப் போட்டுப் பாத்துத்தான் கழட்டி வச்சார், மகன்" என்றா மச்சி.

"அது அந்தக் காலம் உம்மா. இப்ப பாலம் வந்திட்டு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் மச்சிக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. என்னிடம் கேட்டா. எனக்கென்ன தெரியும்? இருவரும் சேர்ந்து கொக்கட்டிச்சோலையில் கராஜ் வைத்திருக்கும் அந்த வயதான பாஸிடமே போனோம். காக்கா காலத்திலிருந்து அந்தக் காரைத் தொட்டவர் அவர். அங்கே நான் கற்றுக்கொண்டதைத்தான் இனி எழுதுகிறேன்.

முதலில் இந்த 4.55, 3.9 என்பதெல்லாம் என்ன? உங்கள் வீட்டுக் கால்மிதித் தையல் மெசினைப் பாருங்கள். கீழே பெரிய சில்லு, மேலே சின்னச் சில்லு. பெரியது ஒருமுறை சுற்றினால் சின்னது பலமுறை சுற்றும். வேகம் கூடுகிறது, பலம் குறைகிறது. அதனால்தான் மெல்லிய துணியில் ஓடுகிற ஊசி, நாலாக மடித்த தடித்த துணி வந்ததும் திணறி நிற்கிறது. காரின் பின் அச்சில் இது தலைகீழ். சின்னப் பல்லுச் சில்லு பெரிய பல்லுச் சில்லைச் சுற்றுகிறது. வேகம் குறைகிறது, பலம் கூடுகிறது. மச்சியின் காரில் சின்னதற்கு 9 பற்கள், பெரியதற்கு 41. நாற்பத்தொன்றை ஒன்பதால் பிரித்தால் ஏறத்தாழ 4.55. அதாவது கார்ச் சில்லு ஒருமுறை சுற்ற, நடுத்தண்டு நாலரை முறைக்குச் சற்று அதிகமாகச் சுற்ற வேண்டும். சாக்கு மூட்டையில் இருந்ததில் 10 பற்களும் 39 பற்களும். அதுதான் 3.9.

மொறிஸ் மைனரில் நாலு கியர். நாலாவதில் எஞ்சினின் சுற்று அப்படியே நடுத்தண்டுக்குப் போகும். ஆகவே ரோட்டில் ஓடும்போது எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதைத் தீர்மானிப்பது இந்தப் பின் அச்சுப் பற்கள்தான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் காரின் சில்லு நிமிடத்துக்குச் சுமார் 540 தடவை சுற்றுகிறது. 4.55 என்றால் எஞ்சின் சுமார் 2,460 சுற்று. 3.9 என்றால் சுமார் 2,110. ஒவ்வொரு நிமிடமும் 350 சுற்று மிச்சம். இப்படிச் சுற்றைக் குறைப்பதைத்தான் 'கியரை நீளமாக்குவது' என்கிறார்கள். எஞ்சின் ஒருமுறை சுற்றும்போது கார் அதிக தூரம் போகிறது.

மருமகனின் கணக்குப் பிழையில்லை. 2022இல் நாடு பட்ட பாட்டை நாம் மறக்கவில்லையே. பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை ஏறியது. கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். அந்த வரிசையில் உம்மாவுக்காக இரவிரவாக நின்ற பிள்ளை, மிச்சம் பிடிக்க வழி தேடுவதில் என்ன குற்றம்?

அப்படியானால் காக்கா ஏன் அதைக் கழற்றினார்?

அதற்கு மண்முனைத் துறையைச் சொல்ல வேண்டும். இன்று எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகிறவர்கள் மண்முனைப் பாலத்தால் நொடியில் கடந்துவிடுகிறார்கள். 210 மீற்றர் நீளமான அந்தப் பாலம் ஜப்பான் நாட்டின் உதவியுடன் கட்டப்பட்டு, 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் 'பாதை'தான். வெளியூர்ச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பகுதியில் ஆளையும் வாகனத்தையும் ஏற்றி வாவியைக் கடக்கும் தட்டையான மிதவைக்குப் பாதை என்று பெயர். யுத்த காலத்தில் ஒரு கரையார் மறு கரைக்குப் போக அஞ்சிய ஆண்டுகள் பல. இரண்டு கரையிலும் உயிர்கள் போயின. 2007இன் பின் போக்குவரத்து மெல்லத் திறந்தபோது, காக்கா மறுபடியும் புடவை மூட்டைகளோடு பாதையேறினார்.

2012இல், வெளியூர்க் கராஜ் ஒன்றில் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு அந்த 3.9ஐப் போட்டார். முதல் கிழமை ஒரே சந்தோசம். அடுத்த கிழமை மழை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து இறங்குதுறையின் சரிவில் கார் ஏற வேண்டும். பின் ஆசனம் நிறைய மூட்டை, முன்னால் மச்சி, மடியில் கடைசிப் பிள்ளை. பாதிச் சரிவில் எஞ்சின் திணறி நின்றது. கார் பின்னுக்கு வழுகத் தொடங்கியது. பின்னால் வாவி. பாதைக்காரப் பொடியன்மார் ஓடிவந்து சில்லுக்குக் கட்டை வைத்ததால் தப்பினார்கள். கிளச் தட்டு கருகி நாறியது. "அந்த மணம் இப்பவும் எனக்கு மூக்கில நிக்கிது" என்றா மச்சி.

ஏன் அப்படி நடந்தது? பாஸ் விளக்கினார். பின் அச்சைத் தனியே நாலாவது கியருக்கென்று நீளமாக்க முடியாது. நாலும் நீளும், ரிவர்சும் நீளும். முதல் கியரிலும் இழுக்கும் பலம் குறையும். 4.55இலிருந்து 3.9க்குப் போனால் ஏழில் ஒரு பங்கு பலம் போச்சு. ஏழு பேர் தள்ளிய வண்டியை ஆறு பேர் தள்ளுவது போல. அதோடு மொறிஸ் மைனரின் முதல் கியர், கார் நகரும்போது இலகுவில் விழாது. இரண்டாவதில் ஏறத் தொடங்கித் திணறினால், பாதிச் சரிவில் முதலாவதைத் தேடிப் பிடிக்க முடியாது.

"சரி அண்ணன், இப்ப சரிவும் இல்ல, பாதையும் இல்ல. போடலாம்தானே?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தங்கச்சி, நாலாவது கியர் காரை ஓடப் பண்ணுறதுக்கில்ல. ஓடுற காரை ஓட்டத்தில வச்சிருக்கத்தான். முதல்ல தங்கச்சிட கார் என்ன ஓட்டம் ஓடுது எண்டு பாருங்க."

பிறகு அந்தக் காரின் வரலாற்றையே சொன்னார். மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமானது. வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ், துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். 1950களின் முற்பகுதியில் அதற்கு 803 சிசி எஞ்சின். சின்ன எஞ்சின் என்பதால் பின் அச்சில் 8க்கு 43, அதாவது 5.375 வைத்தார்கள். 1956இல் எஞ்சின் 948 சிசி ஆனது, அப்போதுதான் 4.55க்கு வந்தார்கள். 1962இல் 1,098 சிசி. அப்போது 9க்கு 38, அதாவது 4.22. எஞ்சினுக்குப் பலம் கூடக் கூடத்தான் கியரை நீட்டினார்கள், முன்கூட்டியே நீட்டவில்லை. நம் 3.9 எங்கிருந்து வந்தது? எம்.ஜி. மிட்ஜெட் என்ற இரண்டு பேர் உட்காரும் சின்னக் காரிலிருந்து. அதற்கு 1,275 சிசி எஞ்சின். பெட்டி அளவு ஒன்று என்பதால் மொறிஸ் மைனருக்கும் பொருந்திவிடும். பொருந்துவது வேறு, பொருத்தமாவது வேறு. சம்பந்தம் பேசிய நமக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

மச்சிக்கு அவர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு கிழமைக்குக் கொப்பியில் கணக்கு எழுத வேண்டும். எந்த ரோட்டில் என்ன வேகம், எத்தனை தரம் நாலிலிருந்து மூன்றுக்கு இறக்க வேண்டி வந்தது. விற்றது வாங்கியது எல்லாம் எழுதிப் பழகிய கைதானே, மச்சி ஒன்றுவிடாமல் எழுதினா. மருதமுனைக்குப் போகும் பெரிய ரோட்டில் 60 வரை போகலாம். கொக்கட்டிச்சோலையிலிருந்து உள்ளுக்கு இறங்கினால் 40தான். ரோட்டில் மாடு, ரோட்டில் காயும் நெல், முன்னால் உழவு மெசின். ஆடி மாதத்தில் பாலத்தில் ஏறினால் கச்சான் காற்று நேரே முகத்தில் அடிக்கும். கிழமையில் ஐந்து நாள் இந்த 40இல்தான் போகிறது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. கவனமாக வாசியுங்கள். மணிக்கு 40இல் சில்லு நிமிடத்துக்கு 360 சுற்று. இப்போதுள்ள 4.55இல், நாலாவது கியரில், எஞ்சின் சுமார் 1,640. மூட்டையோடு தாங்கும். 3.9 போட்டால் 1,400. பாரத்தோடு அந்தச் சுற்றில் கார் நடுங்கும், முக்கும், அக்ஸலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் எடுபடாது. ஆகவே மூன்றாவதுக்கு இறக்க வேண்டும். மூன்றாவதில் எஞ்சின் 1,980! பெற்றோல் மிச்சம் பிடிக்க நீளமான கியர் போட்டவர், கிழமையில் ஐந்து நாள் முன்னையதை விட அதிகச் சுற்றில் ஓடுவார். இறக்காமல் நாலிலேயே முக்க விட்டால் எஞ்சினுக்குச் சேதம். பெரிய ரோட்டில் மிஞ்சிய காசு, கிராமத்து ரோட்டில் போய்விடும்.

இன்னொரு விஷயத்தையும் பாஸ் சொன்னார். அதைக் கேட்டு மருமகனே அமைதியாகிவிட்டான். அந்தக் காரின் வேகமானிக்குக் கணக்குப் போவது கியர்ப் பெட்டியிலிருந்து. பின் அச்சில் பல்லை மாற்றினால் வேகமானிக்கு அது தெரியாது. 3.9 போட்டால் முள் 40 மைல் காட்டும்போது கார் உண்மையில் ஏறக்குறைய 47 மைலில் போகும். கிலோமீற்றரில் சொன்னால் 64 என்று நினைத்து 75இல் போவீர்கள். நம் நாட்டில் ஊருக்குள் காருக்கு 50, வெளியே 70தான் எல்லை. தண்டப்பணம் ஒருபுறம் இருக்கட்டும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் குறுக்கே ஓடும் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது!

"அப்ப வாப்பாட கார் இப்பிடியே கிடக்கட்டுமா?" என்றான் மருமகன், முகம் வாடி.

"இல்ல தம்பி, நீங்க சொன்னதிலயும் சரி இருக்கு" என்றார் பாஸ். "சரிவு போயிட்டு. நம்மட பக்கம் மேடு பள்ளம் இல்லாத தரை. ஒரு படி நீட்டலாம். ரெண்டு படி ஏலாது."

ஒரு படி என்றால் 4.22. பலத்தில் பதினாலில் ஒரு பங்குதான் குறையும். 60இல் எஞ்சின் சுமார் 2,280, பழையதை விட 180 சுற்றுக் குறைவு. 40இல் 1,520. பாரத்தோடும் நாலாவதிலேயே போகலாம், கச்சான் அடிக்கிற நாளில் மட்டும் இறக்கினால் போதும். மட்டக்களப்பில் ஒருவர் தன் மொறிஸ் மைனருக்கு 1,275 எஞ்சின் ஏற்றிவிட்டு நீளமான கியர் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் பழைய 4.22 சும்மா கிடந்தது. மாற்றிக்கொண்டார்கள். கூலியும் 90 நம்பர் கியர் ஒயிலும்தான் செலவு. பின் அச்சுத் தண்டுகளை வெளியே இழுத்து, பெட்டியை முழுதாகக் கழற்றி மற்றதை ஏற்றினார்கள். சின்னப் பல்லும் பெரிய பல்லும் ஒரு சோடி. ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது என்பதையும் அன்று அறிந்தேன்.

மச்சி வேகமானிக் கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கிறா. "40 என்றால் 43." மருமகனின் கையெழுத்து. இப்போது கணக்குக் கொப்பியை எழுதுவதும் அவன்தான். பெற்றோல் செட்டில் ராங்கியை வாய்வரை நிரப்பி, மறுமுறை நிரப்பும்போது எத்தனை லீற்றர் பிடித்தது, எத்தனை மைல் ஓடியது என்று பதிகிறான். மைல்மானியும் இப்போது குறைத்துத்தான் காட்டும் என்பதால், அது காட்டும் ஒவ்வொரு 100 மைலையும் 108 என்று திருத்தி எழுதுகிறான். திருத்தாமல் விட்டால் கார் உண்மையை விட அதிகம் குடிப்பதாகத் தோன்றும்.

"நம்மட வீட்டில மொறிஸ் மைனர் இல்லையே" என்பீர்கள். உங்களுக்கும் இதில் பாடம் உண்டு. இப்போதைய சின்னக் கார்களில் ஐந்தாவது கியர்தான் அந்த நீளமான கியர். மற்ற நாலையும் தொடாமல் அது ஒன்று மட்டும் நீளமாக இருப்பதால் முன்னைய சங்கடம் குறைவு. ஆனாலும் 40இல் ஊருக்குள் ஐந்தைப் போட்டு காரை முக்க வைக்காதீர்கள். கிராமத்து ரோட்டில் நாலு போதும். தானாகக் கியர் மாற்றும் கார்கள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்ளும். எந்தக் காரானாலும், அழகுக்காகப் பெரிய ரயர் போடுவதும் கியரை நீட்டுவதற்குச் சமம். வேகமானியும் அதே போலப் பொய் சொல்லும்.

ஆகவே வீட்டில் யாராவது "கியரை நீட்டினால் மிச்சம்" என்று வந்தால், நாலு கேள்வி கேளுங்கள்.

கிழமையில் அதிக நாள் என்ன வேகத்தில் ஓடுகிறோம்?

அதிக பாரத்தோடு ஏற வேண்டிய மேடு எது? மட்டக்களப்பிலிருந்து மகியங்கனையால் கண்டிக்குப் போகிறவர்கள் அந்த வளைவு ஏற்றத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

இந்தக் கியர் எந்த எஞ்சினோடு வந்தது? நம் எஞ்சினுக்கு அந்தப் பலம் உண்டா?

மாற்றிய பின் வேகமானி சரியாகக் காட்டுமா?

நாலுக்கும் பதில் கிடைக்கும்வரை கராஜ்காரரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

சென்ற கிழமை மச்சியோடு நானும் கொக்கட்டிச்சோலைக்குப் போனேன். பாலத்தில் ஏறும்போது கார் சத்தமில்லாமல் போனது. பழைய இறங்குதுறைப் பக்கம் மச்சி ஒருமுறை திரும்பிப் பார்த்தா. "உங்கட காக்கா இருந்திருந்தா அவரும் 4.22தான் போட்டிருப்பார்" என்றா. திரும்பி வரும்போது இரண்டு முட்டி எருமைத் தயிர் வாங்கி வந்தோம். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.